வெள்ளை ஈ வந்திறங்கிய நாள்

வேல்விழி மூன்றாவது முறையாகக் கணக்கை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

செல்வதுரையின் நர்சரியில், வேப்பமர நிழலில், லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே நாலாயிரம் தென்னங்கன்றுகள். வேலிக்கு வெளியே மண்ணெண்ணெய்க் கேன்களோடு வேளாண்துறை ஜீப் நின்றது. ஈ வந்த நாள் இன்னது என்று அவள் சொன்னால் போதும், அத்தனையையும் கொளுத்திவிடுவார்கள்.

தூத்துக்குடியிலிருந்து செல்வதுரை கொண்டுவந்த கன்றுகளில்தான், ஓலையின் அடிப்புறத்தில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் வெள்ளை ஈ உடன்குடிக்கு வந்தது என்று ரிப்போர்ட்டில் எழுதியவளே அவள்தான். பூச்சிகளைப் பற்றிப் படித்த உள்ளூர்ப் பெண் சொன்னால் யார் மறுத்துப் பேசப்போகிறார்கள்? மேலதிகாரி மட்டும், கன்று வந்த நாளும் ஈ வந்த நாளும் பொருந்துகிறதா என்று கேட்டிருந்தார்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இந்தச் சித்திரையில் ஆயிரத்து இருநூறு மரங்களில் ஈ. பங்குனியில் அறுநூறு. மாசியில் முந்நூறு. பின்னால் போகப் போக மரமும் குறையும், பரவும் வேகமும் குறையும். அந்த வேகத்தின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தால், முதல் ஈ வந்திறங்கிய வாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

செல்வதுரை கன்று இறக்கியது தை மாதம். கணக்கோ தையில் நிற்க மாட்டேன் என்றது. தையிலேயே நூற்றைம்பது மரங்களில் ஈ இருந்தது.

அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், பேனா மூடியைக் கடித்தாள். எப்படி மாற்றிப் போட்டாலும் ஆவணி நடுவில், நாலைந்து மரங்களில் போய் முடிந்தது.

மனிதர் ஆவணியிலும் ஏதோ இறக்கியிருக்கிறார், மறைக்கிறார். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"அண்ணாச்சி, ஆவணியில என்ன எறக்குனீங்க? மறைக்காமச் சொல்லுங்க."

செல்வதுரை துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆவணியில நான் ஊர்ல எங்கம்மா இருந்தேன்? மெட்ராஸ்ல மவ வீட்டுலல்லா கெடந்தேன். ஒங் கல்யாணத்துக்கு மட்டும் ஒரு நா வந்துட்டுப் போனேன். பச்சோலப் பந்தலு, என்ன குளுமை."

வேல்விழியின் கை நின்றது.

துணிப் பந்தல் வேண்டாம், பச்சை ஓலைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். உடன்குடி ஓலை சின்னது என்று தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு தோப்பில் நின்று, லாரி நிறைய வெட்டவைத்து ஏற்றிவந்ததும் அவள்தான். மேல்புறம் பளபளவென்று இருந்தது. அடிப்புறத்தைப் புரட்டிப் பார்க்கக் கல்யாணப் பெண்ணுக்கு ஏது நேரம்? மறுநாள் பந்தலைப் பிரித்து, ஓலையை வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் தென்னந்தோப்பில் குவித்தார்கள்.

வெட்கம் காது வரை சுட்டது. ஓட வேண்டும் போலிருந்தது.

போன் அடித்தது. மேலதிகாரி. ஜீப்காரர்கள் காத்திருக்கிறார்கள், நாள் கிடைத்ததா என்றார்.

அவள் எழுந்து நின்றாள். செல்வதுரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜீப்பைத் திருப்பி அனுப்பிருங்க சார். கன்னுல வரல."

"அப்புறம் என்னைக்கு வந்துச்சு?"

அவள் திரையைப் பார்க்கவில்லை.

"ஆவணி பத்தொம்பது. காலைல ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள," என்றாள்.