ஒரே ஒரு நோட்டீஸ்

பெஞ்சுக்கடியில் கிடந்த நோட்டீஸில் தன் பெண்டாட்டி சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் வாசல்காரர் வெடுக்கென்று குனிந்து அதை எடுத்துக்கொண்டார்.

அவர் வாசல் காப்பது ஓர் அரசாங்க அலுவலகத்தில். தேர்தல் முடியும்வரை அதன் சுற்றுச்சுவருக்குள் ஒருவரும் பிரசாரக் காகிதம் கொடுக்கக் கூடாது. சட்டம். "ஒரு துண்டு என் கண்ணுல பட்டாலும் உன் தொப்பியைக் கழட்டி என் மேஜையில வச்சிட்டுப் போயிடணும்" என்று பெரிய அதிகாரி சொல்லி வைத்திருந்தார்.

அந்த விஷயத்தில் வாசல்காரரும் கறார்தான். எவனாவது கேட்டைத் தாண்டி நோட்டீஸ் கொண்டுவந்தால் சட்டைப்பையில் கையை விட்டே எடுத்துவிடுவார். இந்தத் தடவை சோதனை என்னவென்றால், வார்டு தேர்தலில் கத்தரிக்கோல் சின்னத்தில் நிற்பதே அவர் வீட்டுக்காரி. தையல்காரி.

காலையில்கூடச் சண்டை.

"ஊரே வந்து நிக்கிற வரிசைங்க அது. ஆளுக்கு ஒண்ணு குடுத்தா கை தேஞ்சா போயிடும்?"

"செத்தாலும் மாட்டேன்" என்றார் அவர்.

"சரி" என்று சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக் கொடுத்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும், அவள் சரி என்றால் பயப்பட வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

வழக்கம்போல் பையைப் பெஞ்சில் போட்டுவிட்டுக் கேட்டைத் திறந்தார். ஜனம் திபுதிபுவென்று உள்ளே வந்து வரிசையில் நின்றது. திரும்பிப் பார்த்தால், கீழே இது.

எவனோ கொண்டுவந்துவிட்டான்! அதிகாரி வருவதற்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் வேலியே பயிரை மேய்ந்தது என்றுதானே சொல்வார்கள்?

வரிசையில் முதலில் நின்றவரிடம் நோட்டீஸை நீட்டினார். "இது உன்னோடதா?"

"படிச்சாத்தானேண்ணே தெரியும்" என்று வாங்கி, முன்னும் பின்னும் படித்து, இல்லை என்று திருப்பிக் கொடுத்தார் அவர். அடுத்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கைக்குழந்தையோடு நின்றவளுக்குக் கை ஒழியவில்லை. பின்னால் நின்றவர் அவளுக்காகச் சத்தமாக வாசித்தார். ஜெயித்தால் இந்த வரிசைக்குக் கூரை போடுவாளாம். உட்காரப் பெஞ்சு. உள்தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை.

"அட, நியாயமாத்தானே சொல்றா" என்றது வரிசை.

"நியாயம் கிடக்கட்டும், இது யாருது?" என்று வியர்க்க விறுவிறுக்க வரிசையின் வால்வரை போய்விட்டார் வாசல்காரர்.

அதிகாரிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது போலும். சரியாக அப்போது வந்து நின்றார்.

"என்னய்யா, பொண்டாட்டிக்கு நீயே நோட்டீஸ் குடுக்கிறியா?"

"ஐயையோ, இல்லீங்க!" வரிசையே கத்தியது. "குடுத்தாரு. ஆனா ஒவ்வொருத்தர்கிட்டயும் திருப்பி வாங்கிட்டாரு!"

அதிகாரி யோசித்தார். கொடுப்பதற்குத்தான் தடை. கொடுத்ததைத் திரும்ப வாங்குவதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. நோட்டீஸைத் தானும் படித்தார். உள்தாழ்ப்பாள் வரும் இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே நின்றார். பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "விசாரிச்சா இப்படித்தான் விசாரிக்கணும். ஒருத்தரையும் விடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இவருக்குத் தொப்பிகூடப் போகவில்லை.

மத்தியானம் பசியோடு டப்பாவைத் திறந்தார். மூடியின் உட்புறத்தில், எண்ணெய் படாமல் உறை போட்டு, இன்னொரு நோட்டீஸ். பெண்டாட்டி அதே சிரிப்புச் சிரித்தாள்.

கோபம் வந்தது. அழுகை வந்தது. அப்புறம் யாரும் பார்க்காதபடி சிரிப்பும் வந்துவிட்டது. இவளை எதிர்த்து நிற்கிறவன் பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

வெளியே பிற்பகல் வரிசை சேர்ந்துகொண்டிருந்தது. காலையைவிட நீளம்.

தொப்பியைச் சரிசெய்துகொண்டு முதல் ஆளிடம் போனார்.

"இது யாருதுன்னு தெரியணும். அவசரமே இல்ல. நல்லாச் சத்தமாப் படிச்சுப் பாருங்க."