தெருமுனை பேனர்

தெருமுனைக் கம்பத்தில் பக்கத்து வீட்டுப் பையன் ரோடெல் ஏணி போட்டு பேனர் கட்டுவதைப் பார்த்ததும், பெட்டிக்கடை துலோரெஸ் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தாள். இன்ஜினியர் பரீட்சையில் பாஸானவர் முகம் தெருமுனையில் தொங்காவிட்டால், பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்தில் அது பாஸானதாகவே கணக்கில்லை.

"டேய் இன்ஜினியர்! உன் பேனரை நீயே கட்டிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"வேற ஆள் இல்லக்கா" என்று சிரித்தான் ரோடெல்.

"உங்கம்மா எங்க? இன்னைக்குமா பாலத்துல கம்பி கட்டப் போயிட்டா? பகலெல்லாம் அந்த வேலை, சாயங்காலம் இன்னொரு வேலைன்னு, உன்னைப் படிக்கவைக்க ஏழு வருஷமா ஓடுறாளே, பாவம்!"

"சாயங்காலம் அவங்க வேலைக்குப் போகலக்கா, காலேஜுக்குப் போனாங்க" என்றபடி ரோடெல் கயிற்றை இழுத்தான்.

பேனர் சரசரவென்று விரிந்தது. அதில் வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டு அவன் அம்மா சிரித்தாள். கீழே கொட்டை எழுத்தில், 'இன்ஜினியர் ரெமெடியோஸ்'.

துலோரெஸ் வாயைப் பிளந்தாள். "அப்போ நீ?"

"எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. எங்க வீட்டுல அம்மாதான் சீனியர்."

"இந்த வயசுல எதுக்குடா அவளுக்குப் படிப்பு?"

"பழைய பாலத்துல கம்பி தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கு, தாங்காதுன்னு அப்பவே அம்மா சொன்னாங்க. 'நீ என்ன படிச்சிருக்கே?'ன்னு அங்கிருந்த இன்ஜினியருங்க அவங்க வாயை அடைச்சுட்டாங்க."

"அதை இடிச்சுட்டுத்தானே இப்ப புதுசா கட்டுறாங்க?"

"ஆமாக்கா. இன்னைக்கு அம்மா பார்த்துக் கையெழுத்துப் போடாம, அங்க ஒரு லோடு கான்கிரீட்கூட இறங்காது."