அம்மா தூங்கும் நேரம்

மணி பதினொன்று. வீட்டுக்குள் கால் வைத்ததுமே அத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் அம்மாவே வீட்டில் பாடம் சொல்லித் தருகிறாளாம். அந்த அம்மாவோ சோபாவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அத்தை ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. அவள் வராந்தாவில் நடந்தால் காற்றுகூட வரிசையில் போகும் என்பார்கள்.

"சொல்லாம ஒருநாள் நீயே போய்ப் பாருக்கா. சரியில்லைன்னு நீ சொன்னா, திங்கட்கிழமையே ரெண்டு பேரையும் உன் ஸ்கூல்ல சேர்த்துடறேன்" என்று தம்பி சொல்லியிருந்தான். வந்து பார்த்தால் இந்த லட்சணம்.

"என்ன கூத்து இது?"

"ஷ்ஷ்... அம்மா தூங்கறாங்க அத்தை." எட்டு வயதுப் பெரியவள் ரகசியக் குரலில் சொன்னாள்.

"பாடம் நடக்கலையா?"

"துணி துவைக்கிறோம்."

அது சரி, பிள்ளைகளை வேலைக்கு விட்டுவிட்டு மகாராணி உறங்குகிறாள். அத்தை மனசுக்குள் தம்பிக்கு போன் போட்டே விட்டாள். இருந்தாலும் கண்ணால் பார்த்துவிட்டே போவோம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வாஷிங் மெஷின் முன்னால் பெரியவள் சோப்புத்தூள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தாள். ஐந்து வயதுச் சின்னவன் தரையில் உட்கார்ந்து சாக்ஸை எண்ணிக்கொண்டிருந்தான்.

"மெஷின் நிறைய துணி இருந்தா ரெண்டு மூடி தூள் போடணுமாம்டா."

"நம்மகிட்ட பாதிதானே இருக்கு. ஒரு மூடி போதும். அக்கா, ஒரு சாக்ஸுக்கு ஜோடி இல்ல."

"நீ இன்னும் ஜோடி சேர்க்கவே ஆரம்பிக்கலையே?"

"பதிமூணு இருக்கு. ஒண்ணு மிஞ்சத்தானே செய்யும்?"

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்து, சுவிட்சை யார் போடுவது என்று சண்டை. அதுவும் ரகசியக் குரலிலேயே. இரண்டே நிமிஷத்தில், தூள் கொட்டுவது அவள், சுவிட்ச் அவன் என்று சமாதானமும் ஆகிவிட்டது. அத்தையின் பள்ளியில் இதற்கு மூன்று டீச்சர்கள் வர வேண்டியிருக்கும்.

துணி சுற்ற ஆரம்பித்த பிறகுதான் அம்மா சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தாள்.

"அடடே, அண்ணி! எப்ப வந்தீங்க?"

டீ போடப் போனவள் பின்னாலேயே சமையலறைக்குப் போனாள் அத்தை. டீயைக் கையில் கொடுத்தபடி அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"நான் தூங்கல அண்ணி. நீங்க வந்தது தெரியும். எழுந்தா எல்லாம் கெட்டுடும்னுதான் அப்படியே கிடந்தேன்."

"என்ன கெட்டுடும்?"

"நான் முழிச்சிருந்தா தொட்டதுக்கெல்லாம் 'அம்மா, அம்மா'ன்னு வந்து நிப்பாங்க. தூங்கினா அவங்களே படிச்சு, அவங்களே யோசிச்சு செஞ்சுடறாங்க. அதான் தினமும் ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கிட்டுக் காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருப்பேன். பசங்ககிட்ட சொல்லிடாதீங்க."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷ சர்வீஸில், தூங்கியே பாடம் நடத்தும் டீச்சரை இப்போதுதான் பார்க்கிறாள்.

"தம்பிகிட்ட நான் பேசிக்கறேன். ஸ்கூல் பேச்சே வேண்டாம். நீ பாட்டுக்குத் தூங்கு."

அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

வழியனுப்ப வாசல்வரைக்கும் வந்த பெரியவளின் தலையைத் தடவினாள் அத்தை.

"நல்ல பொண்ணு. அம்மா தூங்கறப்ப ஒரு சத்தம் போடலையே நீங்க."

பெரியவள் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா தூங்கலைன்னு எங்களுக்குத் தெரியும் அத்தை. நிஜமா தூங்கினா குறட்டை விடுவாங்க."

"அப்புறம் ஏன் தெரியாத மாதிரி இருக்கீங்க?"

"தெரியும்னு சொன்னா எழுந்துடுவாங்களே. பகல் பூரா அம்மா படுக்கறது அந்த ஒரு மணி நேரம்தான் அத்தை."