அனுமதிக் கடிதம்

“இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் கை மாத்தியிருக்கே? உண்மையைச் சொல்லு.”

கல்லூரி முதல்வர் ரெங்கராஜ், மேசை மேலிருந்த மஞ்சள் பையை ஓங்கித் தட்டினார். எதிரே நின்ற பெண் அசையவில்லை. வெளுத்த நூல் சேலை, காலில் செம்மண் ஒட்டிய ரப்பர் செருப்பு.

“நூத்தி நாப்பது பேருக்கு. இன்னைக்கு இன்னும் அறுபது பேருக்குக் குடுத்திருப்பேன். அதுக்குள்ள ஒங்க வாட்ச்மேன் புடிச்சுட்டாரு.”

“ஆலங்குடி பஸ்ல வந்து எறங்குற புள்ளைங்களா பாத்து, காலேஜ் கேட்டுலயே நின்னு குடுத்திருக்கே. என்ன தைரியம் ஒனக்கு!”

பையைக் கவிழ்த்தார். ஜெராக்ஸ் கட்டுகள் சரிந்து விழுந்தன. ஒவ்வொன்றும் பதினோரு பக்க ஆங்கிலக் கட்டுரை. அதன் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கம் கையால் எழுதி, மேலே வைத்துப் பின் அடித்திருந்தது.

“சார், அதை நான்தான்...”

“நீ யாருங்கிறதெல்லாம் எனக்கு வேணாம்!”

அவர் அந்தக் கல்லூரிக்கு வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் இந்த ஜெராக்ஸ் விநியோகம் பற்றி ஒரு வெளிநாட்டுப் பதிப்பகத்திடமிருந்து மிரட்டல் கடிதம் வந்து சேர்ந்திருந்தது.

“இது டாக்டர் பிரகதீஸ்வரின்னு ஒருத்தங்க இங்க வேலை பார்த்தப்ப செஞ்ச ஆராய்ச்சி. படிக்கணும்னா அந்தப் பத்திரிகைக்கு மூவாயிரம் ரூபா கட்டணும். இப்படி ஜெராக்ஸ் போட்டு வெளியில குடுத்தா அதுக்குப் பேரு திருட்டு.”

“அந்த ஊர்ப் புள்ளைங்க பல்லையும் எலும்பையும் பாத்து எழுதுனது சார் இது. அந்தச் சனங்களே மூவாயிரம் கட்டணுமா?” அவள் குரல் உயர்ந்தது. “போர் தண்ணியில ஃப்ளோரைடு இருக்கு, காய்ச்சுனா இன்னும் கூடும்னு அஞ்சாம் பக்கத்துல போட்டிருக்கு. அது தெரியாம நாலு வருசமா தாய்மாரு காய்ச்சிக் காய்ச்சிக் குடுக்குறாங்க. அழகின்னு ஒரு புள்ள, ஆறாவது படிக்குது. பள்ளிக்கூடப் படியேற முடியாம செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்குது சார்.”

“அதுக்காகத் திருடலாமா?”

கட்டு ஒன்றைப் புரட்டியவர் எட்டாம் பக்கத்தில் நின்றார். அட்டவணையில் இரண்டு எண்களை நீல மையால் அடித்து மாற்றியிருந்தது.

“இதென்ன கிறுக்கல்?”

“ரெண்டு போர் நம்பரை மாத்தி அச்சடிச்சுட்டாங்க. நல்ல தண்ணி கெட்டதாயிருச்சு, கெட்டது நல்லதாயிருச்சு. அதான் திருத்துனேன்.”

“திருடுனது பத்தாதுன்னு திருத்தம் வேறயா? அந்தம்மா எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருப்பாங்க, தெரியுமா?”

“கஷ்டப்பட்டாங்க. ஆனா புத்தியில்ல சார் அவங்களுக்கு. இங்கிலீசுல எழுதி வெளிநாட்டுக்கு அனுப்புனாங்க. அச்சுல பேரு வந்ததும் தன் வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டாங்க. அங்கிட்டுப் போயி, இந்தத் தண்ணியைக் குடிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை.”

ரெங்கராஜ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“அவங்களைப் பத்திப் பேச ஒனக்கு என்ன யோக்கியதை இருக்கு? இப்பவே போலீசுக்குப் போன் போடுறேன் பாரு.”

“போடுங்க சார். அங்கயும் இதைத்தான் சொல்லுவேன்.”

அந்தப் பதில் அவரை இன்னும் கொதிக்க வைத்தது. “சரி, ஒண்ணு பண்ணு. இதை ஊருக்கெல்லாம் குடுக்கலாம்னு அந்தம்மாகிட்ட எழுதி வாங்கிட்டு வா. அவங்க கையெழுத்தோட. அப்புறம் நான் ஏன்னு கேக்கல.”

அவள் மேசையிலிருந்த வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்தாள். குனிந்து நின்றபடியே நாலு வரி எழுதி, கீழே கையெழுத்திட்டு அவர் பக்கம் தள்ளினாள்.

படித்த ரெங்கராஜின் முகம் சிவந்தது. “என்ன திமிரு! என் கண்ணு முன்னாடியே அந்தம்மா கையெழுத்தை நீ போடுறியா?”

“என் கையெழுத்தை நான்தானே சார் போடணும்?”