தம்பி வீட்டு ஹேண்டில்

அன்று காலை கார் கொட்டகையில் இருந்தவர்கள் சாத்தப்பன், அவர் மனைவி தெய்வானை, மணக்கோலத்தில் மகள் உமையாள், கடைசியில் யாரும் அழைக்காமல் வந்த தம்பி நாச்சியப்பன். வேறு யாரும் இல்லை. சாத்தப்பனின் அப்பா வாங்கிய அந்த மாரிஸ் மைனர் காரில்தான் வீட்டுப் பெண்கள் எல்லோரும் மணப்பெண்ணாகக் கோயிலுக்குப் போனார்கள். பாகப்பிரிவினையில் கார் அண்ணனுக்கு வந்தது. முன்னால் செருகிச் சுழற்றி இன்ஜினைக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலைத் தம்பி கோபத்தில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். உமையாள் அப்போது தொட்டில் குழந்தை. அன்றோடு பேச்சும் நின்றது. இப்போது பேட்டரி செத்துக் கிடந்தது.

“ஆளக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லுவமா?” என்றார் தெய்வானை.

“மணப்பொண்ண உள்ள வச்சுத் தெருவுல தள்றதா? அதுக்கு இவ நடந்தே போகலாம்,” என்றார் சாத்தப்பன்.

“சித்தப்பாட்ட கேளுங்க அப்பச்சி,” என்று தகப்பனிடம் சொன்னாள் உமையாள்.

சாத்தப்பன் சாவியை மறுபடி திருகிப் பார்த்தார். அந்நேரம் நாச்சியப்பன் உள்ளே வந்தார். கையில் அதே ஹேண்டில், துரு ஏறாமல் எண்ணெயில் மினுங்கியது. யாரையும் பார்க்காமல் குனிந்து செருகினார்.

“கட்டவிரல மடக்காதடா,” என்றார் சாத்தப்பன். “ஹேண்டில் எதுத்து ஒதச்சா எலும்பு போயிரும். நம்ம அப்பச்சி சொன்னது மறந்துபோச்சா?”

“மறக்கலண்ணே. நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்.”

விரலை மாற்றி வைத்துச் சுழற்றினார். கார் ஒருமுறை இருமியது. மறுபடி சுழற்றியதும் கொட்டகையே அதிர்ந்தது.

சாத்தப்பன் தம்பி வீட்டுப் படியேறி ஹேண்டிலைக் கேட்டு வாங்கினார் என்று ஊரில் சொல்வது பொய். அவர் எதையும் கேட்கவில்லை. தம்பி ஏறிக்கொள்ள முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்தார், அவ்வளவுதான்.