வார்த்தைக்கு வார்த்தை

மொழிபெயர்க்க வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்த சூட்டோடு முதல் பொய்யைச் சொல்லிவிட்டாள்.

எதிரே பட்டாளத்தார். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். மடியில் ஒரு பழைய பைனாகுலர். சண்டையில் எதிரி நாட்டு அதிகாரி ஒருவரிடமிருந்து கைக்கு வந்தது.

பக்கத்தில் கோட்டும் டையுமாக விருந்தாளி. அந்த அதிகாரியின் மகன். அப்பா காலமாகிவிட்டார். அம்மா படுத்த படுக்கை. கணவர் கழுத்தில் கிடந்த அந்தப் பைனாகுலரைக் கண் மூடுவதற்குள் ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதற்காகவே மகன் விமானமேறி வந்திருந்தார்.

இப்படிப்பட்ட பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க ஓர் அலுவலகம் உண்டு. அவளை அனுப்பியதும் அதுதான். "வார்த்தைக்கு வார்த்தை சொன்னா போதும். சொந்தச் சரக்கு கூடாது" என்று மேலதிகாரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

பட்டாளத்தார் தொண்டையைச் செருமினார்.

"இவங்கப்பா பின்னங்கால் பிடரியில பட ஓடினாரு. அந்த ஓட்டத்துல இது கழண்டு விழுந்ததுகூட அவருக்குத் தெரியலைன்னு சொல்லும்மா."

அவள் விருந்தாளி பக்கம் திரும்பினாள். "உங்கள் அப்பா அவசரத்தில் விட்டுப்போன பொருளாம். பத்திரமாக வைத்திருக்கிறாராம்" என்றாள்.

விருந்தாளி சிரித்த முகம் மாறாமல் தன் மொழியில் பொரிந்து தள்ளினார். திருட்டுப் பொருளை இத்தனை வருஷம் ஆண்டு அனுபவித்த கிழவனுக்கு வாய் மட்டும் நீளமாக இருக்கிறதாம்.

"இவ்வளவு நாள் கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்டதுக்கு நன்றி சொல்றார் ஐயா."

அதற்குள் பட்டாளத்தாரின் மனைவி டீயோடு வந்தாள். இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மனுஷன் நாள் முழுக்க எதிர்வீட்டையே வேவு பார்க்கிறார், தெருவில் தலைகாட்ட முடியவில்லை, தயவு செய்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லு என்றாள்.

"வீட்டம்மாவுக்குப் பூரண சம்மதம்" என்றாள் இவள். அதுவரை அவள் மனசாட்சியோடு மொழிபெயர்த்தது அது ஒன்றைத்தான்.

அப்புறமும் இரண்டு பேரும் மாற்றி மாற்றித் திட்டித் தீர்த்தார்கள். அவள் ஒவ்வொன்றையும் உப்பைக் கழுவி, சர்க்கரை தூவி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பரிமாறினாள். வியர்வையில் அவள் கைக்குட்டை பிழிகிற அளவு நனைந்துவிட்டது.

ஒருவழியாகப் பட்டாளத்தார் பைனாகுலரை நீட்டினார். விருந்தாளி பிடித்துக்கொண்டார். ஆனால் இவர் விடவில்லை.

"கொடுக்கறேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேளு. அன்னைக்கு இது விழுந்துகிடந்த அதே மேட்டுல இவங்க ஆளுங்க சுட்டதுல என் கூட்டாளி போயிட்டான். நான்தான் தோள்ல போட்டு இறக்கிட்டு வந்தேன். அவனைப் பத்தி இவருக்கு ஏதாவது சொல்லத் தோணுதான்னு கேளு."

இதில் கழுவவும் தூவவும் ஒன்றுமில்லை. அவள் சொன்னது சொன்னபடி கேட்டாள்.

விருந்தாளியின் சிரிப்பு மறைந்தது. சண்டை என்றால் நாலு பேர் சாகத்தான் செய்வார்கள், அதற்கு நான் என்ன பண்ணுவது என்றார். விமானத்துக்கு நேரமாகிறது, ஒரு பையில் போட்டுக் கொடுக்கச் சொல் என்றார்.

இதைச் சொன்னால் பைனாகுலர் இந்த வீட்டை விட்டு நகராது. அங்கே படுத்திருக்கும் அம்மாவின் கை வெறுங்கையாகவே போய்விடும். அதைவிட, இந்த மனிதர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"மன்னிச்சிடுங்கன்னு சொல்றார் ஐயா. அந்தச் சாவுக்கு என்ன சொன்னாலும் ஈடாகாதுன்னு சொல்றார்."

பட்டாளத்தார் விருந்தாளியைப் பார்த்தார். பிறகு நிதானமாக அவளைப் பார்த்தார். பிடி தளர்ந்தது.

தோல் பட்டையில் அப்பாவின் பெயரைப் பார்த்ததும் விருந்தாளி அதை விரலால் தடவினார். பட்டாளத்தாரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார்.

அவள் வாசலில் குனிந்து செருப்பு மாட்டினாள். ஒரு மன்னிப்பையே இட்டுக்கட்டிச் சொல்லிவிட்டோமே என்று அழாத குறை. பின்னாலேயே பட்டாளத்தார் வந்து நின்றார்.

"பையில் போட்டுக் கொடுக்க மறந்துவிட்டேன் அம்மா" என்றார். அந்த நாட்டு மொழியில், ஒரு பிசிறில்லாமல்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயாவுக்கு அந்த பாஷை தெரியுமா?"

"கைதி முகாம்ல அவங்க ஆளுங்களுக்குக் காவல் இருந்தேன். முதல்ல கத்துக்கிட்டதே திட்டுங்களைத்தான். இவரு திட்டினதுல ரெண்டு மூணு எனக்கே புதுசு."

"அப்போ எல்லாத்தையும் கேட்டுட்டு ஏன் ஐயா கொடுத்தீங்க?"



"என் கூட்டாளி செத்ததுக்கு யாராவது ஒருத்தர் மன்னிப்பு கேப்பாங்களான்னு இத்தனை வருஷமா காத்துட்டிருந்தேன். நீ கேட்டுட்டியேம்மா."