ஒரு வார்த்தை சிபாரிசு

"இருபது வருஷமா அந்த பேங்க்ல டிரைவரா இருக்கீங்க. எனக்காக உங்க பெரிய முதலாளி டத்தோகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குள் நுழைந்ததுமே சீதாலெட்சுமி வெடித்தாள்.

"நான் சொல்லி என்னம்மா ஆவப்போவுது?" என்றார் நாகையா.

கம்பெனிகளைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவரும் மெர்ச்சன்ட் பேங்க் அது. தொண்ணூற்று மூன்றில் படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் அங்கேதான் கண். சீதாலெட்சுமி கடல் தாண்டித் திருச்சிப் பக்கம் போய்ப் படித்து, எம்.காம். முதல் வகுப்பில் தேறியவள்.

அன்று இன்டர்வியூவுக்கு வந்த மற்ற ஆறு பேரும் லண்டன், மெல்பர்னில் படித்தவர்கள். இவள் சர்ட்டிபிகேட்டைப் பார்த்த ஒருவர், "இந்த யுனிவர்சிட்டி எங்க இருக்கு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுச் சிரித்தார். பத்தே நிமிஷம். வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

"என்கூட இன்டர்வியூவுக்கு வந்த லிம்முக்காக அவங்கப்பா டத்தோவுக்கே போன் போட்டாராம். எனக்கு யாரு இருக்கா?"

நாகையா சோறு போட்டு அவள் முன்னால் வைத்தார். மனைவி இறந்த பிறகு சமையலும் அவர்தான்.

அவள் தட்டைத் தள்ளினாள். "டத்தோ கோவிச்சுக்குவாருன்னு பயம். உங்களுக்கு உங்க வேலைதான் பெருசு."

"சாப்பிடும்மா." தட்டை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினார்.

திங்கட்கிழமை, ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளைத் திரும்ப வாங்க பேங்குக்குப் போனாள். ஆள் எடுக்கும் பிரிவில் கிளார்க்காக இருந்த மரியம் கவரை நீட்டினாள்.

"கிடைக்கலையாமே. மனசு கஷ்டமாப் போச்சு லா."

"அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கிடைச்சிருக்கும்க்கா. அவருக்கு மனசு வரல."

மரியம் அவளையே பார்த்தாள்.

"நாகையா அண்ணன் உங்கிட்ட சொல்லலையா? உன் விண்ணப்ப பாரத்த வந்த அன்னிக்கே ஒதுக்கிட்டாங்க. அப்பாவும் மகளும் ஒரே பேங்க்ல இருக்கக் கூடாதுன்னு ரூல்."

"அப்புறம் எப்படி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்க?"

மரியம் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணன் ராஜினாமா எழுதிக் கொடுத்த பிறகுதான் கூப்பிட்டாங்க. இன்னையோட அவருக்குக் கடைசி நாள்."